பிடிச்ச சீரியல் கேரக்டரோட சொந்தக்காரங்களைக் கண்டுபிடிக்கிறது எப்படி? அக்கா டிப்ஸ்

தங்கச்சி, ‘பாக்கியலட்சுமி’ சீரியல் பாக்கியா மாதிரி ஒரு பொம்பளை வேற எந்தக் கதையிலயாவது இருக்காளான்னு கேட்டிருந்தே. ஒருத்தி என்ன, ஏழெட்டுப் பேர் இருக்காங்க. நீ தேடுற விதத்துலதான் சிக்கல். போனை எடுத்து ‘பாக்கியா மாதிரி’ன்னு அடிச்சா அந்த நடிகை நடிச்ச வேற சீரியல் வரும், அவங்க கட்டின புடவை வரும், ஏதோ ஒரு எபிசோடோட சுருக்கம் வரும். கேரக்டர் வராது.

அவளைத் தேட நீ ரொம்ப தூரம் போக வேண்டியதும் இல்ல. கோட்டூர்புரத்துல குடியிருந்துக்கிட்டு, அண்ணா நூற்றாண்டு நூலகத்தைப் பஸ் ஜன்னல் வழியா மட்டும் பார்த்துக்கிட்டிருக்கே. அந்தக் கட்டடத்துக்குள்ள பாக்கியாவோட பெரியம்மா, சித்தி, ஒண்ணுவிட்ட அக்கா எல்லாரும் அலமாரியில உக்காந்திருக்காங்க. எப்படிப் போய்ப் பார்க்கணும்னு வரிசையாச் சொல்றேன்.

1. முதல்ல மூணு காட்சி எழுது

‘பாக்கியா நல்லவ, பொறுமைசாலி, தைரியசாலி.’ இப்படி எழுதினா அது எல்லா சீரியல் கதாநாயகிக்கும் பொருந்தும். குணத்தை எழுதாதே, காட்சியை எழுது. உன் மனசுல தங்கின மூணே மூணு காட்சி போதும்.

பாக்கியாவுக்கு எழுதினா இப்படி வரும்: படிப்பில்லாதவன்னு புருஷன் கோபி மட்டம் தட்டுறான், பெத்த பசங்களே அவளைக் கூட்டிக்கிட்டுப் போகக் கூச்சப்படுறாங்க. வீட்டுல ஓசியாச் செஞ்ச சமையலையே அவ தொழிலாக்குறா. விவாகரத்துக்கு அப்புறமும் மாமனார் மாமியாரோட அதே வீட்டுல இருக்கா, கோபிதான் வெளிய போறான்.

இந்த மூணையும் படிச்சுப் பாரு. மூணும் மூணு வேற விஷயம். உனக்கு நிஜமாப் பிடிச்சது எது? அவமானத்தைத் தாங்கினதா, சம்பாதிச்சதா, வீட்டை விடாம நின்னதா? இது தெரியாம தேடாதே. மேட்சிங் பிளவுஸ் துணி எடுக்கப் போறப்போ, பார்டருக்கு மேட்ச்சா உடம்புக்கு மேட்ச்சான்னு வீட்டுலயே முடிவு பண்ணிட்டுத்தானே பாண்டி பஜாருக்குக் கிளம்புவோம்? அதே கதைதான்.

2. நடிகரைக் கேரக்டர்லேருந்து பிரி

பாதிப் பேருக்குப் பிடிச்சது கேரக்டரா, நடிகரோட குரலான்னே தெரியாது. இதுக்கு நம்ம கண்ணு முன்னாடியே ஒரு பாடம் நடந்துச்சு. 2022-ல சன் டிவியில வந்த ‘எதிர்நீச்சல்’ல ஆதி குணசேகரனா நடிச்சவர் மாரிமுத்து. 2023 செப்டம்பர் 8-ந்தேதி அவர் திடீர்னு இறந்துட்டார். அப்புறம் அந்த வேஷத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். பேரு அதே, வீடு அதே, அதட்டுறதும் அதே. ஆனா பார்க்குறவங்களுக்கு வேற ஆளாத் தெரிஞ்சது. எது மாறிச்சோ அது நடிகரோடது. எது மாறலையோ அது கேரக்டரோடது. நீ தேட வேண்டியது அந்த மாறாத பகுதியை.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோ. வேல ராமமூர்த்தி நடிகர் ஆகுறதுக்கு முன்னாடியே எழுத்தாளர். ‘குற்றப் பரம்பரை’ நாவல் அவர் எழுதினது. திரையில பார்த்த ஒருத்தர் எழுதின புத்தகத்துக்குள்ள போறதும் ஒரு வழிதான்.

பாக்கியாவுக்கும் இந்தச் சோதனையைப் போடலாம். அந்தக் கதை முதல்ல வங்காளத்துல ‘ஸ்ரீமோயி’ன்னு 2019-ல வந்தது. இந்தியில ‘அனுபமா’, தெலுங்குல ‘இன்டின்டி கிருஹலட்சுமி’, மலையாளத்துல ‘குடும்பவிளக்கு’, நமக்குப் பாக்கியா. இவங்க எல்லாரையும் ‘மாதிரி கேரக்டர்’ கணக்குல சேர்த்துடாதே, எல்லாம் ஒரே ஆளுதான். ஆனா ரெண்டு மொழியில ரெண்டு எபிசோடு பார்த்தா, நடிகையும் சமையலும் மாறினப்புறமும் மிச்சம் நிக்கிறது எதுன்னு பளிச்சுனு தெரிஞ்சுடும்.

3. ரங்கநாதன் வழியில துண்டு துண்டாப் பிரி

நூலக அறிவியல்னா உலகம் பூரா சொல்ற பேரு சீர்காழியில பொறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாரா இருந்தவர், 1924-ல சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகரானார். 1931-ல அவர் எழுதின ஐந்து விதிகள்ல ரெண்டு நமக்கு ரொம்ப வேண்டியது: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் உண்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கான வாசகர் உண்டு.

புத்தகங்களை வகை பிரிக்க 1933-ல அவர் கொண்டுவந்த கோலன் பகுப்பு முறை இன்னும் சுவாரசியம். லண்டன்ல ஒரு பெரிய கடையில மெக்கானோ பொம்மை செட்டைப் பார்த்தார். அதே சில துண்டுகளை மாத்தி மாத்திப் பூட்டினா விதவிதமான பொம்மை வருது. ஒரு புத்தகம் எதைப் பத்தினதுங்கறதையும் அப்படித் துண்டு துண்டாப் பிரிச்சு, வேணும்கிறபடி பூட்டலாமேன்னு அவருக்கு யோசனை வந்தது.

கேரக்டருக்கு நான் வெச்சிருக்குற துண்டுகள் அஞ்சு:

ஒண்ணு, அவ எதுக்கு ஆசைப்படுறா? ரெண்டு, யார் தடுக்குறா? மூணு, சுவத்துல முட்டிக்கிட்டு நிக்கிறப்போ என்ன பண்ணுவா. அழுவாளா, ஓடுவாளா, திருப்பி அடிப்பாளா, சத்தமில்லாம வேற வழி பார்ப்பாளா? நாலு, அதுக்கு அவ என்ன விலை கொடுக்குறா? அஞ்சு, எந்த ஊரு, எந்தக் காலம், எந்த வீடு?

நோட்டுல அஞ்சு வரி எழுது. அஞ்சும் பொருந்துற ஆளைத் தேடாதே. அப்படி ஒருத்தி கிடைச்சா அது காப்பி, படிக்கச் சுவையிருக்காது. ஏதாவது ஒரு துண்டை மட்டும் பிடிச்சுக்கோ, குறிப்பா மூணாவது. மத்த நாலும் தலைகீழா இருந்தாலும், முட்டுச்சந்துல அவ நடந்துக்குற விதம் ஒத்துப்போனா அவ சொந்தக்காரிதான்.

4. பாக்கியாவோட சொந்தக்காரங்க

இப்போ செஞ்சு காட்டுறேன்.

சமையலறைத் துண்டைப் பிடிச்சா நேராப் போக வேண்டியது அம்பைகிட்ட. ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ங்கிற சிறுகதை, அதே பேர்ல 1988-ல வந்த தொகுப்புல இருக்கு. ராஜஸ்தான்ல ஒரு பெரிய குடும்பம், மூலையில தள்ளின இருட்டுச் சமையலறை. அதைக் கொஞ்சம் வசதிப்படுத்தலாமேன்னு தெற்கேயிருந்து வந்த மருமகள் கேக்குறா. பதிலுக்கு அங்க துணி காயப்போடக் கொடிதான் வருது. அடுப்படியைக் கைக்குள்ள வெச்சிருக்கிறதே அதிகாரம்னு நம்புற பெரியவங்களும் அதுல உண்டு. பாக்கியா அடுப்படியிலேருந்து வெளிய வழி கண்டுபிடிச்சா. இவங்களுக்கு அந்த வழி ஏன் கிடைக்கலேன்னு படிக்கிறப்போ உனக்கே புரியும்.

‘வீட்டை விடமாட்டேன்’ங்கிற துண்டுன்னா, அதுக்கு எதிர்ப்பக்கம் நிக்கிறவளைப் படி. ராஜம் கிருஷ்ணனோட ‘வீடு’ நாவல்ல குடும்பத்துக்கே உழைச்ச ஒரு பொம்பளை வீட்டை விட்டு வெளியேறுறா. ஒருத்தி நிக்கிறா, ஒருத்தி போறா, ரெண்டு பேருக்கும் காரணம் ஒண்ணு. அக்கா தங்கச்சிதான் ரெண்டு பேரும்.

சத்தம் போடாம நாளை ஓட்டுற துண்டு பிடிச்சிருந்தா, அசோகமித்திரனோட ‘தண்ணீர்’. சென்னையில தண்ணிப் பஞ்சம், குடத்தோட தெருத்தெருவா அலையுற ஜமுனா. அவளை விட நீ பார்க்க வேண்டியது அங்க வர்ற டீச்சரம்மாவை. நோயாளிப் புருஷன், கடுகடுன்னு ஒரு மாமியார், வெளிய ஒரு வேலை. அவங்க பேசுற சில பக்கங்கள்தான் ஜமுனாவை நிமிர வைக்குது. சின்ன நாவல், ரெண்டு மூணு ராத்திரியில முடிச்சுடலாம்.

சொந்தக் கால்ல நிக்கிற துண்டுன்னா ஜெயகாந்தனோட கங்கா. 1966-ல ஆனந்த விகடன்ல வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில, மழையில நனைஞ்சு வீட்டுக்கு வந்த பொண்ணை அவ அம்மா ஏத்துக்கிட்டா. அம்மா அப்படி நடந்துக்காம ஊரைக் கூட்டியிருந்தான்னு யோசிச்சு எழுதினது ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. இதுக்குத்தான் 1972-ல சாகித்ய அகாதெமி விருது. கங்கா படிச்சவ, வேலையில இருக்குறவ, பாக்கியாவுக்கு வெளிப்பார்வையில சம்பந்தமே கிடையாது. ஆனா வீட்டுப் பெரியவங்க எடுத்த முடிவுக்கு அவ வாழ்நாள் பூரா விலை கொடுக்குறா பாரு, அந்த நாலாவது துண்டு அப்படியே பொருந்தும்.

5. வில்லன் பிடிச்சிருந்தா வெட்கப்படாதே

‘எதிர்நீச்சல்’ பார்த்த நிறைய பேருக்குக் கதாநாயகி ஜனனியை விட குணசேகரனைத்தான் பிடிச்சது. அதுக்காக அவன் செய்யுறதெல்லாம் சரின்னு ஆகாது. அதிகாரம் ஒரு வீட்டுக்குள்ள எப்படி ஓடுதுன்னு பார்க்குற ஆர்வம் அது. அதை இலக்கியத்துல தோப்பில் முஹம்மது மீரானை விட நல்லா எழுதினவங்க கம்மி.

1988-ல வந்த ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில வடக்குவீட்டு அகமதுக்கண்ணு முதலாளி. ஊரே அவர் சொல் கேக்கணும். இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வந்தா தன் பிடி போயிடும்னு பயம். குடும்பப் பெருமைக்காகச் சொந்த மகள் வாழ்க்கையையே பணயம் வைக்குறார். அவரை எதிர்த்து நிக்கிறது யாரு தெரியுமா? சுறாப்பீலி விக்கிற மகமூது, ஒரு ஏழை வியாபாரி. அடுத்து ‘சாய்வு நாற்காலி’, 1997-ல சாகித்ய அகாதெமி விருது வாங்கினது. இதுல முஸ்தபாகண்ணு நாற்காலியில சாஞ்சபடியே வீட்டுச் சாமானை ஒண்ணொண்ணா வித்துச் சாப்பிடுறார், பொண்டாட்டியை அடிக்கிறது மட்டும் நிக்கல. சொத்து போனப்புறம் குணசேகரன் எப்படி இருப்பான்னு யோசிச்சா இவர்தான்.

‘எதிர்நீச்சல்’ல மருமகள்கள் ஒண்ணா உக்காந்து பேசுறதுதான் உனக்குப் பிடிச்சதுன்னா, சல்மாவோட ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ எடு. 2004-ல வந்தது. ஆம்பளைங்க இல்லாத நேரத்துல பொம்பளைங்க என்னென்ன பேசுவாங்களோ, எதுக்குச் சிரிப்பாங்களோ, எல்லாம் இருக்கு. பெரிய நாவல், நிதானமாப் படி.

6. சட்டுனு ஒரு பட்டியல்

மத்த தங்கச்சிகளுக்கும் சேர்த்து:

‘மெட்டி ஒலி’யில கட்டிக்கொடுத்த பொண்ணைப் பொறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்புற காட்சிக்கு அழுதவங்க, நீல பத்மநாபனோட ‘தலைமுறைகள்’ல நாகுவையும் அவளுக்காகத் தவிக்கிற தம்பி திரவியையும் பாருங்க. இரணியல் பேச்சுத் தமிழ் முதல்ல கொஞ்சம் இடிக்கும். விடாம போனா பழகிடும்.

‘மர்மதேசம்’ விடாது கருப்பு பார்த்துட்டு ராத்திரி தனியாப் பாத்ரூம் போகாதவங்க, உங்களுக்குப் பிடிச்சது பேயா, பேயா மனுஷனாங்கிற சந்தேகமான்னு முடிவு பண்ணுங்க. சந்தேகம்தான்னா சுஜாதாவோட ‘கொலையுதிர் காலம்’. வக்கீல் கணேஷும் வசந்தும் அதே கேள்வியோட மல்லுக்கட்டுறாங்க.

மாமியார் மருமகள் வாய்ச்சண்டைக்காக ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’ பார்த்தவங்களுக்கு, பாக்கியம் ராமசாமியோட சீதாப்பாட்டி. 1960-கள்ல குமுதத்துல பொறந்த பாட்டி. இங்கிலீஷ், மகளிர் சங்கம், தலைவி பதவி எல்லாம் உண்டு; பக்கத்துல வெத்துவேட்டு அப்புசாமித் தாத்தா.

பழி வாங்கத் திட்டம் போடுற அழகான வில்லிகளைப் பிடிச்சவங்களுக்குக் கல்கியோட நந்தினி. ‘பொன்னியின் செல்வன்’ 1950-லேருந்து 1954 வரைக்கும் கல்கி இதழ்ல தொடரா வந்தது. சினிமாவுல பார்த்தாச்சுன்னு விட்டுடாதீங்க. புத்தகத்துல அவளுக்கு இடமும் அதிகம், காயமும் அதிகம்.

7. எழுதினவங்க பேரைக் குறிச்சுக்கோ

சீரியல் தொடங்குறப்போ ஓடுற பேர் வரிசையை ஒரு தடவையாவது நிறுத்திப் படி. ‘கோலங்கள்’ அபியும் ‘எதிர்நீச்சல்’ ஜனனியும் ஒரே ஆள்கிட்டேருந்து வந்தவங்க, இயக்குநர் திருச்செல்வம். ஒருத்தி 2003-ல, இன்னொருத்தி 2022-ல. ஒரே படைப்பாளி சுத்திச் சுத்தி ஒரே மாதிரி மனுஷங்ககிட்டதான் வருவார்; அந்த வழியாப் போனா உனக்குப் பிடிச்ச கேரக்டரோட கூடப்பொறந்தவங்களே கிடைப்பாங்க.

சில கேரக்டருங்க புத்தகத்துலேருந்தே டிவிக்கு வந்தவங்க. சிவசங்கரியோட ‘ஒரு மனிதனின் கதை’யில குடிக்கு அடிமையான தியாகுவாத் தூர்தர்ஷன்ல ரகுவரன் நடிச்சார். தேவனோட துப்பறியும் சாம்புவாக் காத்தாடி ராமமூர்த்தி நடிச்சார். அம்மாகிட்ட கேளு, ரெண்டு பேரையும் ஞாபகம் வெச்சிருப்பாங்க. இவங்களுக்கு நேரா மூலப் புத்தகத்துக்கே போயிடலாம்.

8. நூலகத்துல எப்படிக் கேக்கணும்

அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பர் 15-ந்தேதி, அண்ணா பொறந்த நாள்ல, திறந்தது. எட்டு ஏக்கர் வளாகம். பறக்கும் ரயில்ல வர்றவங்க கோட்டூர்புரம் ஸ்டேஷன்ல இறங்கலாம். தமிழ்ப் புத்தகங்கள் ரெண்டாவது மாடி. உன் சொந்தப் புத்தகத்தோட வந்தா அதுக்குக் கீழ்த்தளத்துல தனிப் பகுதி. அதனால மேல போறப்போ நோட்டும் பேனாவும் மட்டும் எடுத்துக்கோ. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போகணும்னா உறுப்பினர் விவரத்தை வாசல்லயே கேட்டுடு.

புத்தகங்களை எண் போட்டு அடுக்குற டூயி தசம முறை வெச்சிருக்குற நூலகங்கள்ல தமிழ் இலக்கியத்துக்கு 894.811, அதோட 3 சேர்ந்து 894.8113 ஆனா நாவல், சிறுகதை. அந்த முறை இருக்குற எந்த ஊர் நூலகத்துக்குப் போனாலும் இந்த எண்ணை வெச்சு அலமாரியைப் பிடிச்சுடலாம். ஆனா ‘பிடிவாதக்கார மாமியார்’னு எந்த அலமாரியிலயும் பலகை இருக்காது. அதுக்குத்தான் நூலகர்.

அவங்ககிட்ட ‘பாக்கியா மாதிரி புக் இருக்கா?’ன்னு கேக்காதே. அவங்க சீரியல் பார்த்திருக்கணும்னு கட்டாயமா என்ன? ‘நாற்பது வயசுக்கு மேல புதுசா ஒரு தொழில் தொடங்குற பொம்பளை கதை, பெண் எழுத்தாளர் எழுதினதா இருந்தா நல்லது, ரொம்பச் சோகமா முடியக் கூடாது’ன்னு கேளு. உனக்கு என்ன வேணுங்கிறதை ஒரே வாக்கியத்துல சொல்லிட்டே, பார்த்தியா? கூடவே, ஏற்கெனவே படிச்சுப் பிடிச்ச ஒண்ணு, பிடிக்காத ஒண்ணு, ரெண்டோட பேரையும் சொல்லு. பிடிக்காததுதான் அவங்களுக்கு அதிகம் உதவும்.

நூலகம் இருக்குற அதே காந்தி மண்டபம் ரோட்டுலதான் தமிழ் இணையக் கல்விக்கழகமும் இருக்கு. அவங்களோட மின்நூலகத்துல பழைய புத்தகங்கள் எக்கச்சக்கம், காசு கிடையாது. கல்கி, ராஜம் கிருஷ்ணன் எழுத்தெல்லாம் அரசு நாட்டுடைமை ஆக்கினது, அதனால இணையத்துலயும் தாராளமாக் கிடைக்கும். ஆனா அம்பை, சல்மா, மீரான் புத்தகங்களைத் திருட்டு பிடிஎஃப்ல தேடாதே. நூலகத்துல படி, பிடிச்சா ஒரு பிரதி வாங்கு.

9. பொருந்துதான்னு சோதிக்கிற விதம்

முதல் அத்தியாயத்தை மட்டும் படிச்சு முடிவெடுக்காதே. நடுவுல ஒரு இடத்தைப் பிரி. அந்த ஆளு இன்னொருத்தரோட வாக்குவாதம் பண்ற பக்கமாப் பாரு. இப்போ உன் பாக்கியாவை அந்த இடத்துல நிறுத்து. அவ என்ன பேசியிருப்பா? பதில் உடனே உனக்குத் தோணிச்சுன்னா, இந்த ரெண்டு பேரும் ஒரே மேசையில உக்காரக் கூடியவங்க, புத்தகத்தை எடு. ஒண்ணுமே தோணலையா? வெச்சுட்டு அடுத்ததுக்குப் போ, குற்ற உணர்ச்சியே வேண்டாம்.

ஒரு அம்பது பக்கம் தாண்டியும் அந்த ஆளைப் பத்தி உனக்கு ஒரு கேள்வியும் வரலைன்னா அங்கேயே நிறுத்து. ராஜம் கிருஷ்ணன் எழுதினாலும் சரி, ஜெயகாந்தன் எழுதினாலும் சரி.

10. மூணு விஷயத்துல ஏமாறாதே

வேலை ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணுன்னு நினைக்காதே. சமையல் தொழில் பண்ற எல்லாரும் பாக்கியா கிடையாது.

சீரியல்ல ஆயிரம் எபிசோடுக்கு மேல ஒருத்தியோட தினமும் அரை மணி நேரம் இருந்திருக்கே. இருநூறு பக்க நாவல்ல அந்தப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் வராது. பின்னணி இசை கிடையாது, எப்போ அழணும்னு யாரும் சொல்லமாட்டாங்க. முதல் முப்பது பக்கம் வெறிச்சோடின மாதிரி தோணும். அதுக்குள்ள போனை எடுக்காதே.

கதாநாயகி ஜெயிச்சே ஆகணும்னு எதிர்பார்க்காதே. சீரியல்ல அவ தோத்தா நாளைக்கு எபிசோடு இருக்கு. நாவல்ல கங்கா தோத்தா தோத்ததுதான். மனசு கனமா இருக்குற வாரத்துல கங்காவை விட்டுட்டு சீதாப்பாட்டியை எடு.

இந்தச் சனிக்கிழமைக்கு வேலை

வெள்ளிக்கிழமை ராத்திரி மூணு காட்சி, அஞ்சு துண்டு எழுதி முடி. அதுல ஒண்ணே ஒண்ணுக்கு அடிக்கோடு போடு. சனிக்கிழமை ரெண்டாவது மாடியில மூணு புத்தகம் எடுத்து மேசையில பரப்பு: உன் ஆளு மாதிரியே நடந்துக்குறவ ஒருத்தி, அவளுக்கு நேர் எதிரா நடந்துக்குறவ ஒருத்தி, அவளைத் தடுக்குறவங்க பக்கத்துலேருந்து சொல்ற கதை ஒண்ணு. மூணையும் பத்துப் பத்துப் பக்கம் படி. எதை மூட மனசு வரலையோ அதோட நில்லு. மூணாவதுதான் ஜெயிக்கும்னு நான் பந்தயம் கட்டுறேன். ஏன்னா பாக்கியாவை உனக்கு ஏற்கெனவே நல்லாத் தெரியும். கோபிகளைத்தான் நாம இன்னும் சரியாப் படிக்கல.